கார்த்திகை மழைக்குள்ள வீட்டில நாத்துப் போடுறது எப்பிடி

நிஷா புயல் வந்தது 2008 கார்த்திகையில. புரெவி 2020 கார்த்திகையில. மாடுகள் குளிரில விறைச்சு விழுந்து செத்ததே, அந்த மாண்டஸ் 2022 கார்த்திகையில. பெங்கல் வெள்ளம் 2024 கார்த்திகை, டித்வா 2025 கார்த்திகை. இங்கிலீஷ் கலண்டரில நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் எண்டு பிரிஞ்சு தெரியும், தமிழ் மாசத்தில பாத்தா அஞ்சும் ஒரே மாசத்துக்குள்ளதான் கிடக்கு. இதை ஏன் சொல்லுறன் எண்டா, தை பிறக்கேக்க மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் வளவில நிக்கவேணும் எண்டு நினைக்கிற யாழ்ப்பாணத்து ஆக்கள் எங்களுக்கு நாத்து வளர வேண்டிய மாசமும் அதே கார்த்திகைதான். அதால மாரிக்குள்ள நாத்தை நிலத்தில பாத்தி கட்டிப் போட்டுட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது, கையால தூக்கிக்கொண்டு உள்ளுக்க ஓடக்கூடிய மாதிரி ஏதாவது ஒண்டுக்குள்ளதான் போடவேணும். கீழ நான் எழுதியிருக்கிறது முழுக்க இந்த ஒரு யோசனையை வச்சுத்தான்.

முதல்ல நாள் கணக்கு. விதைக்கிற நாளை முதல் யோசிக்காதேங்கோ, நடுற நாளை முடிவெடுத்துப்போட்டுப் பின்னால எண்ணி வாங்கோ. மிளகாயும் கத்தரியும் நாலு அஞ்சு கிழமை நாத்தா நிக்கவேணும். தக்காளி மூண்டு நாலு கிழமை, கோவாவும் அப்பிடித்தான். பாகல், புடோல், பூசணிக்கு ரெண்டு கிழமை காணும். வெண்டி, பயித்தை, கரட், பீற்றூட், கீரை இதுகளை நேரா நிலத்தில போடுறதுதான் நல்லது, கரட்டை நாத்தாப் போட்டு நட்டா கிழங்கு கோணல் மாணலாத்தான் வரும். நான் நடுறது திருவெம்பாவைப் பூசை நடக்கிற நாளில இருந்து தைப்பொங்கலுக்குள்ள. அப்ப மிளகாயும் கத்தரியும் கார்த்திகை விளக்கீட்டை அண்டிப் போடவேணும், தக்காளி அதுக்கு ஒரு பத்து நாள் பிந்தி, பாகலும் புடோலும் மார்கழி பிறந்த பிறகு. கந்தசட்டி விரத நாளில மண், தேங்காய்த் தும்புத்தூள், கப் எல்லாம் சேத்து வச்சிட்டா நல்லம், அதுக்குப் பிறகு அடைமழை துவங்கினா காய்ஞ்ச மண் ஒரு வாளி எடுக்கிறதே பெரும்பாடு.

இன்னொரு விசயம், வாங்கின விதை எல்லாத்தையும் ஒரே நாளில போட்டிடாதேங்கோ. நான் ஒருக்கா ஒரு பக்கெட் மிளகாய் விதையை முழுசா ஒரே தட்டில போட்டு, முளைச்சு ரெண்டிலை வந்து வடிவா நிண்டது, அண்டைக்கு இரவு கூரைப் பீலி நிரம்பி வழிஞ்ச தண்ணி நேரா அந்தத் தட்டுக்கு மேல விழுந்து விடிய எழும்பிப் பாத்தா வெறும் சேறு. திருப்பிப் போட விதை இல்லை, கடைக்குப் போக றோட்டில வெள்ளம், அந்த வருசம் எங்கட வீட்டில மிளகாய் இல்லை. அதுக்குப் பிறகு விதையை மூண்டு பங்காப் பிரிச்சு எட்டுப் பத்து நாள் இடைவெளியில போடுறன். முதல் பங்கு போனா ரெண்டாவது நிக்கும், மூண்டும் தப்பினா பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாம், மாரி கழிய மிளகாய்க் கண்டு வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்களை நான் இன்னும் காணேல்லை.

இடம். இதில கனபேர் பிழை விடுறவை, ஏனெண்டா மழை படாத இடத்தை மட்டும் பாக்கினம், வெளிச்சத்தைப் பாக்கினம் இல்லை. எங்களுக்கு மாரி மழை வாடைக்காத்தோட வடக்கு, கிழக்குப் பக்கத்தால அடிக்கும். அதே நேரம் கார்த்திகை மார்கழியில வெய்யில் தெற்குப் பக்கம் சரிஞ்சு வாறது. அப்ப தெற்குப் பாத்த விறாந்தையோ தாழ்வாரமோ இருந்தா உங்களுக்கு அதிஷ்டம், தூவானம் குறைவு, மழை விட்ட நேரம் சரிஞ்ச வெய்யில் தாழ்வாரத்துக்குக் கீழால உள்ளுக்க வந்து விழும். தெற்கு இல்லாட்டி மேற்கு. வடக்குப் பாத்த விறாந்தையில இந்த மாசங்களில நேர் வெய்யில் விழவே விழாது, அதில வச்ச நாத்து நூல் மாதிரி நீண்டு சரிஞ்சிடும். பீலி வழியிற இடம், ஓட்டுத்தண்ணி சொட்டுற கோடு ரெண்டையும் ஒரு மழைக்கு நிண்டு பாத்து வச்சுக்கொண்டு அதுக்கு உள்ளுக்க ஒரு முழம் தள்ளி வையுங்கோ. நிலத்தில வையாம ஒரு வாங்கில, இல்லாட்டி ரெண்டு கல்லுக்கு மேல பலகை போட்டு வையுங்கோ. காத்தும் அடியால போகும், நத்தையும் ஏறக் கஷ்டப்படும்.

போடுற பாத்திரத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. யோகட் கப் எங்கட வீடுகளில கிடக்காத இடமில்லை, மிளகாய், கத்தரி, தக்காளிக்கு அது அளவான சைஸ். அடியில நாலு ஓட்டை, சூடாக்கின ஆணியால குத்தினா பிளக்காது. ஒரு ஓட்டை காணாது, மாரிக்குள்ள ஒண்டு அடைஞ்சாலும் மற்றதால தண்ணி போகவேணும். சிரட்டையும் நல்லதுதான், கண் இருக்கிற பாதியை எடுத்துக் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டாச் சரி. கடையில விக்கிற குழித்தட்டு, நாத்து ட்ரே எண்டு கேட்டாக் குடுப்பினம், கனக்கப் போடுற ஆக்களுக்கு வசதி, ஆனா குழி சின்னன் எண்டபடியால் மிளகாயை அஞ்சு கிழமை அதுக்குள்ள வச்சிருந்தா வேர் சுத்திக்கொள்ளும், இடையில மாத்தவேணும். பாகல், பூசணி மாதிரிக் கொடி இனத்துக்கு வேர் அசைஞ்சாப் பிடிக்காது, அதுகளைப் பேப்பரைச் சுருட்டிக் கட்டின கூட்டுக்குள்ளயோ வாழைத்தடலை வளைச்சு நாரால கட்டின கூட்டுக்குள்ளயோ போட்டு அப்பிடியே தாட்டுவிடலாம். கப்புகளைத் தனித்தனியா வையாதேங்கோ, பத்துப் பன்னிரண்டை ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள்ளயோ பழைய பிளாஸ்ரிக் தட்டிலயோ அடுக்கி வையுங்கோ, புயல் வாற இரவு ஒவ்வொரு கப்பா ஆர் தூக்குறது. அந்தப் பெட்டிக்கும் அடியில ஓட்டை போடவேணும்.

மண் கலவைதான் அடுத்தது, இதில கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுறன். வலிகாமத்துச் செம்மண் நிலத்தில அருமையான மண், ஆனா அதை மட்டும் கப்புக்குள்ள போட்டு மேலால தண்ணி ஊத்த ஊத்த இறுகி ஓடு மாதிரி வரும், சின்ன விதை அதைத் தள்ளிக்கொண்டு வராது. வடமராட்சி, தென்மராட்சி மணல் மறுவளம், தண்ணி நிக்காது, சத்தும் நிக்காது. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான்: ஒரு பங்கு மேல்மண், ஒரு பங்கு நல்லா உக்கின கொம்போஸ்ட் இல்லாட்டி உக்கின மாட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள். கருக்கின உமி கிடைச்சா தும்புத்தூளில அரைவாசிக்குப் பதிலா அதைப் போடுங்கோ, மாரிக்கு அதுதான் திறம், தண்ணியை வடிச்சு விடும், மண்ணை இறுகவும் விடாது. உமியை முழுசா எரிச்சு வெள்ளைச் சாம்பலாக்கிப் போடாதேங்கோ, கறுப்பா இருக்கேக்கயே தண்ணி தெளிச்சு நூத்திடவேணும்.

சாம்பலைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அடுப்புச் சாம்பலைக் கலவைக்குள்ள அள்ளிப் போடச் சொல்லி கனபேர் சொல்லுவினம், யூரியூப்பிலயும் சொல்லுகினம். வேற ஊர்ப் புளிச்ச மண்ணுக்கு அது சரியா இருக்கலாம். எங்கட நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியைக் கேத்திலில கொதிக்க வச்சா அடியில வெள்ளையாப் படியிறதைப் பாத்திருப்பியள், அது சுண்ணாம்புதான். ஏற்கனவே காரம் கூடின இடத்தில சாம்பலையும் போட்டா இன்னும் காரம் கூடி நாத்து இலை மஞ்சளிக்கும். சாம்பலைக் கப்புக்கு வெளியில, எறும்பு வராமச் சுத்திப் போடுறதுக்கு வச்சிருங்கோ. அதே காரணத்தால மாரிக்குள்ள நாத்துக்கு ஊத்த மழைத்தண்ணியைப் பரலில பிடிச்சு வையுங்கோ, தீவுப்பகுதி, கடற்கரைப் பக்கம் உவர்க்கிணறு உள்ள ஆக்களுக்கு இது இன்னும் முக்கியம். பரல் வாயை நுளம்பு வலையால இறுக்கிக் கட்டவேணும், மாரிதான் எங்களுக்கு டெங்குக் காலம், நாத்து வளக்கப்போய் வீட்டில ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடக்கூடாது.

தும்புத்தூள் புதுசா வாங்கினா கழுவவேணும். ஒரு வாளிக்குள்ள போட்டு ஊற வச்சா தேத்தண்ணி நிறத்தில சாயம் இறங்கும், அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுத் திருப்பி ஊற வையுங்கோ, ரெண்டு மூண்டு தரம், தண்ணி ஓரளவு தெளியும் மட்டும். அந்தச் சாயமும் உப்பும் இளம் வேருக்குக் கூடாது. எரு நல்லா உக்கினதா எண்டு பாக்க மணந்து பாருங்கோ, மழை பெய்ஞ்ச மண் மணம் வந்தாச் சரி, மூத்திர மணம் வந்தா இன்னும் ரெண்டு மாசம் கிடக்கட்டும். கோழி எரு நாத்துக்கு வேண்டவே வேண்டாம், அது சூடு.

கலந்த மண்ணைச் சுத்தம் செய்யிறதை விட்டிடாதேங்கோ. வெய்யில் காலமெண்டா ஈரமாக்கிப் பொலித்தீனால மூடி ரெண்டு மூண்டு கிழமை வெய்யிலில விட்டாக் காணும், தோட்டக்காரர் பாத்திக்கு மேல வைக்கலும் உமியும் பரவி எரிக்கிறவை. மாரிக்குள்ள ரெண்டும் சரிவராது. நான் செய்யிறது என்னெண்டா, கப்புகளில மண்ணை நிரப்பிப்போட்டு ஒரு கேத்தில் கொதிதண்ணியை மெதுவா ஒவ்வொண்டுக்கும் ஊத்துறது, அடியால சூடா வடியிற மட்டும். முதல்ல ஒரு கப்பில ஊத்திப் பாருங்கோ, மெல்லிய கப் எண்டா நெளிஞ்சிடும், அப்பிடியானதுக்கு மண்ணை வேறயா ஒரு வாளியில போட்டு ஊத்தி ஆறவிட்டு நிரப்பலாம். முழுக்க ஆறின பிறகு, அடுத்த நாள், விதை போடலாம். பங்கசு முழுக்கச் சாகும் எண்டு இல்லை, ஆனா கணிசமாக் குறையும்.

விதைக்கு வருவம். மாரிக் குளிருக்கையும் ஈரத்துக்கையும் போன வருசத்து விதை முளைக்குமோ எண்ட சந்தேகம் இருந்தா பத்து விதையை ஈரச் சீலைத்துண்டில சுத்தி ஒரு மூடின டப்பாக்குள்ள வச்சுப் பாருங்கோ. ஏழெட்டு முளைச்சா நல்ல விதை, அஞ்சு முளைச்சா கப்புக்கு மூண்டாப் போடுங்கோ, அதுக்கும் குறைய எண்டா புது விதை வாங்குறதுதான் நல்லது. கத்தரியில திண்ணவேலி ஊதா, பாகலில திண்ணவேலி வெள்ளை, ரெண்டும் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யிற இனம், பேரிலயே எங்கட யாழ்ப்பாணத்துத் திண்ணவேலி இருக்கு, எங்கட மண்ணில நல்லா நிக்கும், கிடைச்சா விடாதேங்கோ. மிளகாயில எம்.ஐ.2 எண்டுற இனத்தைக் கனகாலமா எல்லாரும் போடுகினம். பக்கெட் விதை றோஸ் நிறத்திலயோ பச்சை நிறத்திலயோ இருந்தா அது பங்கசுக்கு மருந்து பூசின விதை, அதை ஊற வையாம அப்பிடியே போடவேணும், போட்டிட்டுக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவவேணும், சின்னப் பிள்ளையளிட்டக் குடுக்காதேங்கோ.

மருந்து பூசாத விதையெண்டா மிளகாய், கத்தரி, தக்காளியை ஒரு இரவு தண்ணியில ஊற வச்சாக் காணும். பாகலும் புடோலும் தோல் தடிச்ச விதை, ஒரு நாள் ஊற வச்சு, பிறகு ஈரச் சீலையில பொட்டளியாக் கட்டி ஒரு சிரட்டைக்குள்ள வச்சு மற்றச் சிரட்டையால மூடி அடுப்படியில வையுங்கோ, மூண்டு நாலு நாளில வெள்ளை முளை எட்டிப்பாக்கும், அந்த நேரம் எடுத்து முளை கீழ பாக்கக் கூட்டுக்குள்ள வையுங்கோ. எங்கட அம்மம்மா இப்பிடித்தான் செய்தவ, மாரிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியேல்லை, ஏனெண்டா முளைக்காத விதை மண்ணுக்குள்ள கிடந்து அழுகிறது எண்ட கதையே இல்லை.

ஆழம் எண்டு பாத்தா விதையின்ர தடிப்பைப்போல ரெண்டு மடங்கு, மிளகாய் விதைக்கு அரைச் சென்ரிமீற்றர் தாராளம். கப்புக்கு ரெண்டு விதை. மேலால கருக்கின உமியைத் தூவி மூடுங்கோ, மண்ணால மூடினா ஈரத்தில பாசி பிடிச்சுத் தோல் மாதிரி வரும். விதை போட்ட திகதியையும் இனத்தையும் ஐஸ்கிறீம் குச்சியில எழுதிக் குத்துங்கோ, பேனையால எழுதினா அழியும், பென்சில் அழியாது.

முளைக்கிற வரைக்கும் வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. எங்கட சாதாரண மாரி இரவு 22, 23 பாகையில நிக்கும், அதுக்கு விதை பிந்தினாலும் முளைக்கும். புயல் வந்து வாடை விறைக்க விறைக்க அடிக்கிற நாளிலதான் பிரச்சினை, வழமையா ஏழெட்டு நாளில வாற மிளகாய் ரெண்டு கிழமை எடுக்கும், அவசரப்பட்டு மண்ணைக் கிண்டிப் பாத்திடாதேங்கோ. விறகடுப்பு எரிக்கிற வீடெண்டா குசினிக்குள்ள ஒரு மூலை காணும். கப்புகளுக்கு மேல சொப்பிங் பாக்கைத் தொளதொளப்பா மூடி வையுங்கோ, ஈரம் நிக்கும், திருப்பித் தண்ணி ஊத்தத் தேவை வராது. முதல் முளை மண்ணைக் கிளப்பினதைக் கண்ட உடன பையை எடுத்துப்போட்டு விறாந்தைக்குக் கொண்டுபோங்கோ. அண்டைக்கே. அடுத்த நாள் பாப்பம் எண்டு விட்டா ஒரு இரவிலயே விரல் நீளத்துக்கு வெளிறி நீண்டிடும்.

இனித்தான் மழையோட மல்லுக்கட்டு. நாலு நாள் விடாம மூடிக் கிடக்கிற நேரம் வெளிச்சம் காணாம நாத்து ஒரு பக்கம் சரியும். நாளுக்கு ஒருக்காத் தட்டைத் திருப்பி வையுங்கோ, பின்னால வெள்ளைச் சுவரோ வெள்ளை உரப்பையோ இருந்தா வெளிச்சம் திரும்பி விழும். மழை விட்டு அரை மணித்தியாலம் வெய்யில் எறிச்சாலும் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில வையுங்கோ, வேலைக்குப் போற ஆக்களுக்கு இது கஷ்டம்தான், வீட்டில இருக்கிற வயசு போன ஆக்களிட்டச் சொன்னா அவை சந்தோசமாச் செய்வினம். இன்னொண்டு, காலமை பின்னேரம் ரெண்டு தரம் உள்ளங்கையால நாத்தின்ர தலையை மெதுவாத் தடவி விடுங்கோ, ஒரு பத்துத் தரம். காத்தில ஆடுற மாதிரி அதுகளுக்கு, தண்டு தடிக்கும். தக்காளியில இது வடிவாத் தெரியும்.

தண்ணி ஊத்துறதில மாரிக்கு ஒரு பழக்கம் வேணும், கையால மண்ணைத் தொட்டுப் பாக்காம ஊத்தவே கூடாது. மழைக்காலத்தில காத்தே ஈரம், மண் காய ரெண்டு மூண்டு நாள் எடுக்கும். மேல் மண் நிறம் வெளிறி, கப்பைத் தூக்கினாப் பாரமில்லாம இருந்தா அப்ப ஊத்துங்கோ, அதுவும் மேலால இல்லை, ஒரு தட்டில ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணி விட்டு அதுக்குள்ள கப்பை வச்சா அடி ஓட்டையால உறிஞ்சும், பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில எடுத்து வடியவிட்டு மிச்சத் தண்ணியைக் கவிட்டு ஊத்திவிடுங்கோ. தட்டில தண்ணியை விட்டுவச்சா வேரும் அழுகும், நுளம்புக் குடம்பியும் வரும், சுகாதாரப் பரிசோதகர் வந்து கண்டா வழக்கும் வரும். ஊத்துறது விடியவெள்ளன மட்டும். பின்னேரம் ஊத்தி இரவு முழுக்க ஈரத்தோட விடுறதுதான் நாத்தழுகலைக் கூப்பிடுற வேலை.

இந்த நாத்தழுகலாலதான் மாரியில கனபேர் விதை சரியில்லை எண்டு கடைக்காரனோட சண்டைக்குப் போறது. நேற்று நிமிந்து நிண்ட நாத்து இண்டைக்கு விடிய மண் மட்டத்தில இடுப்பு ஒடிஞ்ச மாதிரி சரிஞ்சு கிடக்கும், குனிஞ்சு பாத்தா மண்ணைத் தொடுற இடத்தில தண்டு தண்ணி ஊறிக் கபில நிறமா மெலிஞ்சு நூல் மாதிரிப் போயிருக்கும், இலை இன்னும் பச்சையா இருக்கும். மண்ணுக்குள்ள இருக்கிற பித்தியம், ரைசொக்ரோனியா மாதிரியான பங்கசும் பங்கசு போலக் கிருமிகளும்தான் காரணம். அதுகள் எப்பவும் மண்ணில இருக்குது, ஈரம் கூடி, காத்து அடைஞ்சு, நாத்து நெருக்கமா நிண்டு, வெளிச்சமும் குறைஞ்ச நேரத்தில பெருகும், அதாவது எங்கட கார்த்திகை முழுக்க. ஒண்டு விழுந்ததைக் கண்டா அந்தக் கப்பை மண்ணோட தூக்கித் தூரத்தில கொண்டுபோய்க் கொட்டுங்கோ, பக்கத்தில நிக்கிற கப்புகளை ஒரு சாண் இடைவெளி விட்டுப் பிரிச்சு வையுங்கோ, ரெண்டு நாளைக்குத் தண்ணி காட்டாதேங்கோ. விழுந்த நாத்தை மண் அணைச்சு நிமித்தி வச்சுக் காப்பாத்தலாம் எண்டு மினக்கெடாதேங்கோ, அது திரும்பாது, மற்றதையும் கொண்டுபோகும். இதுக்காகத்தான் நான் ஒரே தட்டில அள்ளித் தூவாம ஒவ்வொரு கப்பா வைக்கச் சொல்லுறது, தட்டில வந்தா ஒரு கிழமையில வட்டம் வட்டமாப் பரவி முழுத் தட்டும் போயிடும், கப்பில வந்தா அந்தக் கப்போட நிக்கும். கனக்கப் போட்டிருக்கிற ஆக்களுக்கு மருந்து தேவைப்பட்டா உங்கட விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, இல்லாட்டித் திணைக்களத்தின்ர 1920க்கு அடிச்சுக் கேக்கலாம், கடைக்காரன் எடுத்துத் தந்ததை அளவு தெரியாமக் கரைச்சு அடிக்காதேங்கோ.

பூச்சி புழுவைச் சுருக்கமாச் சொல்லுறன். எறும்பு கீரை விதையையும் தக்காளி விதையையும் இழுத்துக்கொண்டு போகும், வாங்கில் காலுக்குச் சுத்திச் சாம்பலோ மஞ்சளோ போடலாம், நனைஞ்சாத் திருப்பிப் போடவேணும். நத்தையை இரவில ரோச் அடிச்சுக் கையால பொறுக்கிறதைவிட வேற வழி இல்லை, உப்பைக் கொண்டுபோய் நாத்துக்குப் பக்கத்தில கொட்டாதேங்கோ, மண் பழுதாகும். கோழிக்கும் அணிலுக்கும் பழைய நுளம்பு வலையைக் குச்சி நட்டுக் கூடாரமாப் போர்த்துவிட்டாக் காணும். அந்த வலை தூவானத்தையும் உடைச்சு விடும், ஆனா மழை விட்டு நாலு நாள் காயிற நேரம் வாற வெள்ளை ஈ அந்த வலைக் கண்ணுக்குள்ளால பூந்திடும், மிளகாயில இலைச்சுருளைக் கொண்டு வாறதில அதுவும் ஒண்டு, நாத்திலயே பிடிச்சிட்டா அந்தக் கண்டு காய்க்காது.

புயல் எண்டு ரேடியோவில சொன்ன உடன செய்ய வேண்டியது. பெட்டிகளை வீட்டுக்குள்ள கொண்டு போங்கோ, ஜன்னலோரம் எங்கயாவது, கட்டிலுக்குக் கீழ தள்ளாதேங்கோ. அண்டைக்குத் தண்ணி ஊத்தாதேங்கோ, உள்ளுக்க ரெண்டு மூண்டு நாள் வெளிச்சம் குறைவா நிக்கப்போகுது, மண் கொஞ்சம் காய்ஞ்சு இருந்தா நாத்து நீளாம அடங்கி நிக்கும். கரண்ட் போகும், அதால லைற் போட்டு வளக்கலாம் எண்ட நம்பிக்கையில இருக்காதேங்கோ. மழை விட்ட உடன திடீரெண்டு நேர் வெய்யிலில கொண்டுபோய் வச்சா இலை வெந்திடும், முதல் நாள் விறாந்தை, அடுத்த நாள் காலமை வெய்யில், பிறகு வழமை மாதிரி. எங்கட அம்மப்பா உரும்பிராயில புகையிலை செய்த காலத்தில நாத்து மேடைக்கு மேல கிடுகுப் பந்தல் போட்டு, மழை இருட்டினா கிடுகைப் பரப்பி, வெளிச்சா எடுத்து, இரவு பனிக்குத் திருப்பிப் பரப்பி எண்டு ஒரு நாளைக்கு நாலு தரம் போய் வருவாராம், அவருக்கு மேடை அசையாது, பந்தலைத்தான் அசைச்சவர், எங்களுக்குக் கப் அசையும் எண்டது எவ்வளவு சுகம்.

உண்மையான இலை ரெண்டு வந்த பிறகு, முதல் வாற நீட்டு இலை ரெண்டையும் கணக்கில எடாதேங்கோ, கப்பில நல்லதா நிக்கிற ஒண்டை விட்டு மற்றதைக் கத்திரிக்கோலால மண்ணோட வெட்டுங்கோ. இழுத்துப் பிடுங்கினா பக்கத்து வேரும் வரும். குழித்தட்டில போட்ட ஆக்கள் இந்த நேரத்தில கப்புக்கு மாத்தலாம், தண்டில பிடிக்காம இலையில பிடிச்சுத் தூக்குங்கோ, இலை கிழிஞ்சா இன்னொண்டு வரும், தண்டு நசிஞ்சா அவ்வளவுதான். நீண்டுபோன தக்காளியை இலை மட்டத்துக்கு ஆழமாத் தாட்டு நடலாம், தாண்ட தண்டிலயும் வேர் விடும். மிளகாயையும் கத்தரியையும் முந்தி நிண்ட ஆழத்திலயே நடுங்கோ.

பசளை இந்த நேரத்துக்கு முதல் தேவையில்லை. நல்ல கலவை எண்டா பிறகும் பெருசாத் தேவையில்லை, ஆனா அடிக்கடி நனைஞ்சு சத்துக் கழுவுப்பட்டு இலை வெளிறினா ஆட்டெருவைத் தண்ணியில ஊற விட்டு வடிச்சு, வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு ஐதாக்கிக் கிழமைக்கு ஒருக்கா ஊத்துங்கோ. கடையில வாங்குற அல்பேட் எண்டுற பசளைக் கரைசல் எண்டா பையில போட்டிருக்கிற அளவில பாதி.

நடுறதுக்கு ஒரு கிழமைக்கு முதல் விறாந்தையை விட்டு வெளியில பழக்கவேணும், முதல் நாள் ரெண்டு மணித்தியாலம், பிறகு கூட்டிக் கூட்டி கடைசி ரெண்டு இரவு வெளியிலயே, பனிக்கும் காத்துக்கும். தை மாசியில பனி மூசிப் பெய்யும், விறாந்தைக்குள்ள செல்லமா வளந்த கண்டு அதுக்குப் பயப்பிடும்.

நடுற பாத்தி உயரமா இருக்கட்டும், ஒரு சாணுக்குக் குறையாம. மார்கழி கடைசியில மழை முடிஞ்சுது எண்டு நினைச்சு மட்டமா நட்டு, தையில ஒரு தாழமுக்கம் வந்து வெள்ளம் நிண்டு மிளகாய் ஒரே நாளில வாடினதை எங்கட ஒழுங்கையிலயே கண்டிருக்கிறன், மிளகாய்க்கும் தக்காளிக்கும் வேரில தண்ணி நிண்டா ரெண்டு நாள் தாங்காது, கத்தரி கொஞ்சம் பொறுக்கும். பின்னேரம் வெய்யில் தாழ்ந்த பிறகு நடுங்கோ, கப்பைக் கவிட்டுத் தட்டி மண் கட்டி உடையாம எடுத்து வையுங்கோ. முதல் மூண்டு நாலு நாளைக்கு வாழைத்தடலை ரெண்டா மடிச்சுக் கூடாரம் மாதிரி ஒவ்வொரு கண்டுக்கும் மேல கவிட்டுவிட்டா மதிய வெய்யிலும் படாது, திடீர் மழை வந்தாலும் இலையில சேறு தெறிக்காது.

மூண்டாவது பங்கில முளைச்ச கண்டுகளில ஒரு ஆறேழை நடாமக் கப்பிலயே பொங்கல் முடிஞ்சு ஒரு கிழமை வரைக்கும் வச்சிருங்கோ. பாத்தியில எது போகுதோ அந்த இடத்துக்கு அதைத் தூக்கி வைக்கலாம்.